பெட்டியடிப் பையன்

வாணிகம் நடத்துவதற்குப் பொருள் வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். அப்பொருளை ஆளத் தெரிந்த மனிதர் வேண்டும் என்பதைச் சிலரே முன்னதாக எண்ணிப் பார்க்கின்றனர். ஆயிரம் ரூபாயை ஒரே நாளில் கடனாகப் பெற்றுவிடலாம். அந்த ஆயிரம் ரூபாயை அச்சமின்றி ஒப்படைக்கத் தக்க ஒருவனை ஒரே நாளில் உண்டாக்கிவிட முடியாது. அதற்குப் பல்லாண்டுகள் செல்லும். அந்த ஆண்டுகளை வீணாக்காமல், சிறுவன் ஒருவனைப் படிப்படியாக வாணிகத் தலைவனாக வளர்த்தெடுக்கும் முறை ஒன்று தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அதற்குப் பாடநூல் இல்லை, தேர்வு இல்லை, பட்டமளிப்பு விழாவும் இல்லை. அம்முறையைக் கையாண்டவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆவர்.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த பகுதி செட்டிநாடு எனப்படும். ஆற்றுப் பாசனம் அற்ற மேட்டு நிலம் அது. கண்மாயில் நீர் நின்றால் விளைச்சல் உண்டு, நில்லாவிடில் இல்லை. நிலம் கைகொடாத இடத்தில் மக்கள் வேறு தொழிலை நாடுதல் இயல்பு. நகரத்தார் முதலில் உப்பு, அரிசி முதலிய பண்டங்களை விற்றனர். பின்னர்ப் பணத்தையே பண்டமாகக் கொண்டு கொடுக்கல் வாங்கல் தொழிலில் ஈடுபட்டனர். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அவர்கள் கடைகள் எழுந்தன. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பெற்றதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவிற் பெருந்தேவை உண்டாயிற்று. ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் காடழித்துக் கழனி திருத்திய உழவர்க்குக் கடன் கொடுப்பார் வேண்டியிருந்தது. வெள்ளையர் வங்கிகள் அவ்வுழவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நகரத்தார் பார்த்தனர். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றில் இயங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பெற்றது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பணத்துக்கு உடையவர் செட்டிநாட்டில் இருக்கின்றார். பணமோ கடலுக்கு அப்பால், இரங்கூனிலோ மோல்மீனிலோ, வேறொருவர் கையில் இருக்கின்றது. கடிதம் சென்று மறுமொழி வரப் பல நாள் ஆகும். தந்தி உண்டு; ஆயினும் ஓர் உழவனுக்குக் கடன் கொடுக்கலாமா, ஆகாதா என்பதைத் தந்தியில் எத்தனை சொற்களால் எழுதிக் கேட்பது? அங்கிருப்பவனே முடிவு செய்ய வேண்டும். அவன் அறிவு பிழைத்தாலும் பொருள் போயிற்று. நாணயம் பிழைத்தாலும் பொருள் போயிற்று. எனவே அவனை அறிவும் நாணயமும் ஒருங்கு உடையவனாகப் பழக்க வேண்டியிருந்தது. அப்பழக்கம் திண்ணையில் தொடங்கியது.

ஐந்து வயதில் திண்ணைப் பள்ளியிற் சேர்ந்த சிறுவன், மணலில் எழுத்தைக் கற்றபின் எண்சுவடியை மனப்பாடம் செய்யத் தொடங்குவான். இக்காலத்தார் பெரும்பாலும் மறந்துவிட்ட பின்ன அளவுகள் அதில் உண்டு. ஒன்றில் நான்கில் ஒரு பங்கு கால். எட்டில் ஒரு பங்கு அரைக்கால். பதினாறில் ஒரு பங்கு வீசம். இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரி. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கிய வாய்பாடுகளைச் சிறுவர்கள் விடியற்காலையில் உரத்த குரலில் ஒப்பிப்பர். பொருள் விளங்காமல் ஒப்பிக்கும் இம்முறையைப் பிற்காலத்தார் பலர் எள்ளினர். அவ்வெள்ளலில் உண்மை சிறிது உண்டு. ஆயினும், அவ்வாறு பயின்ற சிறுவன் 640 ரூபாய்க்கு, நூற்றுக்கு மாதம் 12 அணா வட்டி வீதம், 25 நாளைக்கு வட்டி என்ன என்று கேட்டால், தாளும் எழுதுகோலும் தேடாமல் 4 ரூபாய் என்று உடனே கூறுவான். எதிரே கடன் கேட்டு அமர்ந்திருப்பவன் முகத்தை நோக்கிக்கொண்டே கணக்கையும் முடிக்க வல்லவனுக்கு, அம்முகத்தை ஆராய நேரம் கிடைக்கின்றது. மனக்கணக்கின் பெரும்பயன் அதுவே.

இரண்டாவது பள்ளி வீடு. செட்டிநாட்டு மாளிகைகளைக் கண்டோர் அவற்றின் தேக்குத் தூண்களையும், நீண்ட முற்றங்களையும், வழவழப்பான சுவர்களையும் வியப்பர். அம்மாளிகைகளின் உள்ளே நடைபெற்ற சிக்கனத்தை அவர்கள் காண்பதில்லை. அக்கால வழக்கப்படி இளமையிலேயே திருமணம் நடந்துவிடும். இக்காலச் சட்டம் அதனை ஏற்காது. திருமணமான மகனும் மருமகளும் அதே மாளிகையில் வாழ்ந்தாலும், சில காலத்துக்குப் பின் அவர்களுக்குத் தனி அடுப்பு அமைத்துக் கொடுக்கப்படும். இதற்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். ஓர் ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று தந்தையார் அளந்து கொடுத்துவிடுவார். அதற்குள் அவ்விளந்தம்பதியர் ஆண்டு முழுவதையும் நடத்த வேண்டும். விருந்து வந்தாலும் அதற்குள்ளேயே. நோய் வந்தாலும் அதற்குள்ளேயே. கோடி ரூபாய் புழங்கும் வீட்டின் மருமகள் காய்கறிச் செலவைக் காலணா விடாமல் எழுதி வைத்தாள் என்றால், அது வறுமையால் அன்று, பயிற்சியால். இப்பயிற்சியிற் பெரும்பங்கு வீட்டு ஆச்சிமாருடையது. கணவன்மார் மூன்றாண்டு மூன்றாண்டாகக் கடல் கடந்திருந்த காலத்தில், நிலத்தையும் வீட்டையும் பிள்ளைகளையும் கட்டிக் காத்தவர்கள் அவர்களே. நகரத்தார் வாணிகத்தைப் பற்றி எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுவர். அது முறையன்று.

சிறுவனுக்கு வயது பதின்மூன்று, பதினான்கு ஆனதும் அவனை ஒரு கடையிற் சேர்ப்பர். பள்ளத்தூரில் 1884இல் பிறந்த ஏ.எம். முருகப்பச் செட்டியார் தம் பதினான்காம் வயதிற் பர்மா சென்று உறவினர் ஒருவர் கடையிற் பயிற்சி பெற்றவர். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் இதுவே வழி. தந்தையின் கடையிற் பயின்றால் மகன் என்ற சலுகை கிடைக்கும். திருத்த வேண்டியவர்கள் திருத்தத் தயங்குவர். ஆதலின் பிறர் கடையில் மகனைப் பயில விடுதல் நல்லதெனக் கருதிய தந்தையர் பலர்.

வேலைக்குச் சேர்பவனுக்கும் உடையவருக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்படும். காலம் மூன்று ஆண்டு. அம்மூன்றாண்டுக்குரிய சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்துவிடுவர். அது வீட்டில் இருப்பவர்க்கு உதவும். வெளிநாட்டில் உணவும் உறையுளும் கடைச் செலவு. இடையில் ஊர் திரும்புதல் வழக்கமில்லை. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிய சிறுவன், மூன்றாண்டு கழித்தே தன் தாயின் முகத்தைக் காண்பான். அந்தப் பிரிவின் துன்பத்தைக் கணக்கேடு எதுவும் குறித்து வைக்கவில்லை.

இறங்கிய ஊரில் அவன் சென்று சேரும் இடம் கிட்டங்கி. கிடங்கு என்னும் சொல்லோடு உறவுடைய சொல் இது. இரங்கூனில் மொகல் தெருவிலும், கொழும்பில் செட்டியார் தெருவிலும், சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும் இத்தகைய கிட்டங்கிகள் நிறைந்திருந்தன. தெரு நோக்கிய வாயிலும், உள்ளே நீண்டு செல்லும் ஒரே கூடமும் உடையது கிட்டங்கி. கூடத்தின் இருபுறமும் வரிசையாகப் பாய்கள். ஒவ்வொரு பாயின் முன்னும் தாழ்வான மரப்பெட்டி ஒன்று. பின்னே ஓர் இரும்புப் பெட்டி அல்லது அலமாரி. இவ்வளவே ஒரு கடை! ஒரே கூரையின்கீழ்ப் பல கடைகள், நாலைந்தடி இடைவெளியில் அமைந்திருக்கும். சாய்மணை நாற்காலி இல்லை. கண்ணாடித் தடுப்பு இல்லை. இலட்சக்கணக்கான ரூபாயைப் புழங்குபவரும் சட்டையில்லாத மேனியில் திருநீறு அணிந்து, சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். பகலிற் கடையாக இருந்த இடத்தின் மேல்மாடியில் இரவிற் படுக்கை. அடுத்த கடைக்காரர் பேசுவது இக்கடைக்காரர் காதில் விழும். யார் யாருக்குக் கடன் கொடுத்தார், யார் தவணை தவறினார் என்னும் செய்திகள் அக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருத்தல் அரிது. இவ்வளவு நெருக்கத்தில் பொய்ம்மை நெடுநாள் வாழ முடியாது.

அந்தக் கைப்பெட்டியின் அடியில், அதாவது அதன் அருகிற் கீழ் வரிசையில், அமர்பவன் ஆதலின் புதிய சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். அவனுக்கு மேல் அடுத்தாள். அவனுக்கும் மேல் மேலாள். மேலாளே அங்குக் கடையை நடத்தும் தலைவர். ஊரில் இருக்கும் உடையவர் முதலாளி. முதலாளி என்னும் சொல் இன்று தொழிலாளி என்பதற்கு மறுதலையாக வழங்குகின்றது. அங்கோ அது முதலை ஆள்பவர் என்னும் நேர்ப்பொருளில் வழங்கிற்று. சமையற்காரர் ஒருவரும் உடன் இருப்பார்.

பெட்டியடிப் பையனின் முதல் வேலை கூட்டுதல். விடியுமுன் எழுந்து கடையிடத்தைத் துப்புரவு செய்து, பாயை உதறி விரித்து, பெட்டியைத் துடைத்து, மைக்கூட்டை நிரப்பி வைக்க வேண்டும். பின்னர் அஞ்சலகத்துக்குச் செல்லுதல், வங்கிக்குப் பணம் கொண்டுபோதல், கடைத்தெருவில் தவணைப் பணம் தண்டி வருதல், வெற்றிலை வாங்கி வருதல் என்று நாள் முழுதும் கால் ஓயாது. கோடீசுவரர் மகன் ஆயினும் விளக்குமாற்றைத் தொட மாட்டேன் என்று சொல்ல இயலாது. இதில் இழிவு ஏதும் இருப்பதாக ஒருவரும் எண்ணவில்லை. கூட்டத் தெரியாதவன் பிற்காலத்தில் கூட்டுபவனின் வேலையை எவ்வாறு மதிப்பிடுவான்?

அலைச்சலின் நடுவே அவன் கண்ணும் காதும் கற்றுக்கொண்டே இருக்கும். நாணயத்தைக் கல்லில் தட்டி ஓசையால் நல்லது தீயது அறிதல், நோட்டுகளை எண்ணுதல், பத்திரத்தை மடித்து உரிய இடத்தில் வைத்தல் ஆகியவை கைப்பழக்கங்கள். கடன் கேட்டு வந்தவரிடம் மேலாள் என்னென்ன கேட்டார், எந்த விடைக்குப் பிறகு சற்றே வாளாவிருந்தார், கொடுக்க முடியாது என்பதை மனம் நோகாமல் எவ்வாறு சொன்னார் என்பவை கண்பழக்கங்கள். இவற்றை யாரும் அவனை அழைத்து உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. பக்கத்தில் இருந்தான், பார்த்தான், பழகினான்.

மாலையிற் கணக்கு. அன்றாடம் நடந்த வரவு செலவு நாள்வழியில் ஏறும். நாள்வழியிலிருந்து ஒவ்வொருவர் பெயரிலும் பேரேட்டில் ஏறும். குறித்த காலத்தில் இருப்பும் பொறுப்பும் ஆதாயமும் விளங்க ஐந்தொகை எடுக்கப்படும். ஏட்டின் தலைப்பிற் பிள்ளையார் சுழியிட்டு எழுதத் தொடங்குவர். கடவுள் பெயரை மேலே எழுதிவிட்டுக் கீழே பொய் எழுதக் கை கூசும் என்பது அவர் நம்பிக்கை. பெட்டியில் உள்ள ரொக்கமும் ஏட்டில் உள்ள இருப்பும் பை விடாமல் ஒத்து வந்தாலன்றி ஏட்டை மூடுதல் இல்லை. ஒரு பை என்பது ரூபாயில் 192இல் ஒரு பங்கு. ஒரு பைக்காக விளக்கெண்ணெயை எரிப்பதா என்று சிறுவன் எண்ணக்கூடும். எரிந்த எண்ணெய் ஒரு பையைவிட மிகுதிதான். ஆனால் தேடப்படுவது பை அன்று, பிழை. அந்தப் பை எங்கே தவறிற்றோ அதே இடத்தில் நாளை ஆயிரம் ரூபாய் தவறக்கூடும். தன் கையிலிருந்து ஒரு பையை இட்டு இருப்பைச் சரிக்கட்டுபவன் பொருளை இழக்கவில்லை. கணக்கின் உண்மையைக் குலைக்கின்றான். ஆதலின் அது குறைவை மறைப்பதற்கு ஒப்பான குற்றமாகும்.

இரண்டொரு தவணை கழிந்து அடுத்தாளாக உயர்ந்தவனுக்கு வேறு வகைக் கல்வி தொடங்கும். பர்மிய மொழியோ மலாய் மொழியோ அவன் பேச வேண்டும். உழவனுடைய கழனிக்குச் சென்று மண்ணையும் பயிரையும் பார்க்க வேண்டும். எந்த மாதம் நாற்று நடுவர், எப்பொழுது கூலிக்குப் பணம் வேண்டும், அறுவடை எப்பொழுது, அரிசி ஆலைக்காரர் என்ன விலை கொடுப்பர் என்பவற்றை அறிந்தவனே கடனுக்குத் தவணை குறிக்க முடியும். நடவுக்குக் கொடுத்த கடனை அறுவடைக்கு முன் கேட்பது அறியாமை.

மேலாள் ஆனவனுக்கு முதலாளி அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். அதனைக் கொண்டு மேலாள் கடையின் விலாசத்தில், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த கடைப்பெயரில், கையெழுத்திடுவான். அவன் இட்ட ஒரு கையெழுத்து, ஊரில் இருக்கும் முதலாளியின் மாளிகையையும் நிலத்தையும் பிணைக்கும். இத்துணைப் பெரிய அதிகாரத்தை ஒருவனிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்கு இப்பால் ஒருவர் கவலையின்றி உறங்கினார் என்றால், அவ்வுறக்கத்துக்குக் காரணம் பத்திரத்தின் சொற்கள் அல்ல. மேலாள் காலந் தவறாது கடிதம் எழுதுவான். கணக்கின் சுருக்கத்தை அனுப்புவான். நல்ல செய்தியை விரைந்து எழுதுதல் எவர்க்கும் எளிது. கடன் ஒன்று வாராமற் போயிற்று என்பதை அன்றே எழுதுபவனையே முதலாளிகள் விரும்பினர். ஆதாயம் குறைந்த மேலாளுக்கு மறுமுறையும் வேலை கிடைத்தது உண்டு. மறைத்த மேலாளுக்குச் செட்டிநாட்டு ஊர்களில் எங்கும் வேலை கிடைப்பது அரிதாயிற்று. மூன்றாண்டு முடிந்து ஊர் திரும்பியவன், முதலாளி முன்னிலையிற் கணக்கை ஒப்புவித்து, எஞ்சிய சம்பளத்தையும், ஆதாயத்தில் அவனுக்கென்று பேசிய பங்கையும் பெற்றுக்கொள்வான். அதனையே முதலாக வைத்துப் பின்னாளில் சொந்தக் கடை திறந்தவர் பலர்.

கடைகளுக்குள் போட்டி உண்டு. ஆயினும் போட்டிக்கு ஓர் எல்லையும் உண்டு. வெளிநாட்டில் நகரத்தார் சென்ற இடமெல்லாம் முருகன் கோயில் எழுந்தது. பினாங்குக் கோயில் 1857இலும், சிங்கப்பூரிற் டாங்கு சாலைத் தெண்டாயுதபாணி கோயில் 1859இலும் அமைந்தன. வழிபாட்டுக்கு மட்டுமன்றி வாணிகத்துக்கும் அக்கோயில்களே மன்றம். இரங்கூனில் மாதந்தோறும் கோயிலிற் கூடி, தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்குரிய நடப்பு வட்டியை எல்லாரும் கேட்க உறுதி செய்தனர். தமக்குள் எழுந்த வழக்குகளை ஆங்கேயே பேசித் தீர்த்தனர். ஒரு கடைக்குத் திடீரெனப் பணமுடை வந்தால் அடுத்த கடை ஈடின்றிக் கொடுத்து உதவும். ஒவ்வொரு கடையும் தன் தொழிலளவுக்கு ஏற்பக் கோயிலுக்கும் அறத்துக்கும் மகமை செலுத்தும். மகமை ஆதாயத்தில் மிஞ்சியதைக் கொடுக்கும் கொடை அன்று. கணக்கிலேயே ஒரு செலவாக எழுதப்படுவது. இது குறிப்பிடத்தக்க வேறுபாடு.

இவ்வளவும் நன்றே. எனினும் இப்பயிற்சியில் ஒரு பெருங்குறை இருந்தது. அதனை மறைத்தல், முன்னே கூறிய ஒரு பையை மறைத்தலைப் போன்றதே ஆகும்.

நகரத்தார் தம்முள் ஒருவர்க்கொருவர் காட்டிய நம்பிக்கை பெரிது. ஆனால் அந்நம்பிக்கையின் வட்டம் தம் இனத்தோடு நின்றது. பிற இனத்துச் சிறுவன் எவனும் அப்பெட்டியின் அடியில் அமர்ந்து மேலாளாக உயரவில்லை. பர்மிய உழவனைப் பற்றி அவர்கள் நிரம்ப அறிந்திருந்தனர்; அவன் மண்ணின் தரம் தெரியும், அவன் பயிரின் பருவம் தெரியும். அவ்வுழவனுக்குப் பிற உள்ளூர்க் கடன்காரர் வாங்கியதினும் குறைந்த வட்டிக்கே பெரும்பாலும் கடன் கொடுத்தனர் என்பதும் உண்மை. ஆயினும், அவன் தன் நிலத்தை இழந்தால் அவன் உள்ளம் என்ன ஆகும் என்பதற்குப் பேரேட்டில் ஏடு இல்லை. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல்லின் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. உழவரால் முதலையும் தர முடியவில்லை. வட்டியையும் தர முடியவில்லை. ஈட்டுக்கு இருந்தது நிலம் ஒன்றே. அது கடைகளின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம், 1938இல் நூற்றுக்கு 25 பங்கு ஆயிற்று. நகரத்தார் நிலத்தை விரும்பவில்லை. அவர்கள் விரும்பியது பணத்தை. நிலத்தை இழந்தவனுக்கு அவ்வேறுபாட்டினால் ஆவது என்ன? தன் பாட்டன் திருத்திய கழனியில் அவன் குத்தகைக்காரனாக நின்றான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆயினும் சினம் வளர்ந்தது. 1938இல் இந்தியர்க்கு எதிராக இரங்கூனிலும் பிற ஊர்களிலும் பெருங்கலகம் நிகழ்ந்தது.

1941 டிசம்பர் 23ஆம் நாள் சப்பானியர் இரங்கூன்மீது குண்டு வீசினர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் பெறாதோர் மலையும் காடும் கடந்து நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில உடைமைச் சட்டம் இயற்றி, உழாதவர் கையில் இருந்த நிலத்தை அரசுடைமை ஆக்க முனைந்தது. 1962இல் படைத்தலைவர் ஆட்சி வந்தபின் எஞ்சிய கடைகளும் போயின. மூன்று தலைமுறையினர் பை பையாகச் சேர்த்தது ஏட்டில் மட்டும் எஞ்சியது. பல மாளிகைகளில் விளக்கு அணைந்தது.

எல்லாரும் அழிந்தனர் என்பதில்லை. வரவிருப்பதைப் பேரேட்டிலிருந்தே படித்துணர்ந்தவர் சிலர் இருந்தனர். முன்னே கூறிய முருகப்பச் செட்டியார் 1900இல் மோல்மீனில் தொடங்கிய கடை பல நாடுகளிற் கிளைத்திருந்தது. போர் மூள்வதற்கு முன்னரே அக்குடும்பத்தார் தம் பொருளைத் தாயகத்துக்குக் கொண்டுவந்தனர். வட்டித் தொழிலை விட்டு ஆலைத் தொழிலிற் புகுந்தனர். 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் அவர்கள் தொடங்கிய மிதிவண்டித் தொழில் நாடறிந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் வேறொரு வழி கண்டார். குடும்பத்துக்குள் அடங்கிய கொடுக்கல் வாங்கலை, எவரும் பங்கு கொள்ளத்தக்க வங்கியாக மாற்ற அவர் விரும்பினார். 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீசு வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பெற்றது. அவ்வங்கியில் எவ்வினத்தவரும் எழுத்தராகச் சேர்ந்து உயரலாம். பேரேட்டை வெளியார் தணிக்கை செய்யலாம். பெட்டியடிப் பயிற்சியில் இருந்த அடைப்பு அங்கே ஓரளவு திறந்தது. 1969இல் அது அரசுடைமை ஆயிற்று. அதனைக் காணச் சிதம்பரம் செட்டியார் இல்லை. அவர் 1954இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த வானூர்தி விபத்தில் உயிர் நீத்தார்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் பழைய கிட்டங்கிகள் பின்னாளில் இடிக்கப்பெற்று, அவ்விடத்தில் வானளாவிய கட்டடங்கள் எழுந்துவிட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற் பழம்பொருள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. பிரிந்துபோன மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் பீங்கான் சாடிகளும் அங்கே விற்பனைக்கு வரும். அவற்றினிடையே, சாய்வான மூடியுடைய தாழ்ந்த மரப்பெட்டிகளும் சில வேளைகளிற் கிடைக்கும். மூடியைத் திறந்தால் காசுக்கு ஒன்று, முத்திரைத் தலைக்கு ஒன்று, எழுதுகோலுக்கு ஒன்று எனச் சிறுசிறு அறைகள் தெரியும். வாங்குவோர் பெரும்பாலும் அதனை வரவேற்பறையில் அழகுக்காக வைக்கின்றனர்.